காலில் தோன்றும் நீலக் கோடுகள்



நடுவயதை எட்டிய நம் பெண்மக்களுட் பலரும் ஆண்மக்களுட் சிலரும் தம் காலை உற்று நோக்கும்போது முன்பு இல்லாத ஒன்றைக் காண்பர். தொடையின் வெளிப்புறத்திலும், முழங்காலின் பின்புறத்திலும், கணுக்காலின் அருகிலும் மெல்லிய சிவப்புக் கோடுகளும் நீலக் கோடுகளும் தோலின் உள்ளே படர்ந்திருக்கும். சிலவிடங்களில் அவை ஒரு புள்ளியினின்று நாற்புறமும் விரிந்து சிலந்தி வலையை ஒத்திருக்கும். கண்டவருட் சிலர் அஞ்சுவர், சிலர் நாணுவர், பெரும்பாலோர் சேலையின் கரையைச் சற்றே தாழ்த்திவிட்டு மறந்துவிடுவர். இம்மூன்றும் வேண்டா. எதற்கு அஞ்சத் தேவையில்லை, எதனை மறைக்கக் கூடாது என்று பகுத்து அறிவதே வேண்டுவது. அதுவே இன்றைய பேச்சின் பொருள்.

நான் வைத்தியன் அல்லன், ஆசிரியன். ஆயினும் கரும்பலகையின் முன்னே முப்பது ஆண்டு நின்று உழைக்கும் தொழிலைச் சேர்ந்தவன். நின்று தொழில் செய்வோர் தம் கால்களைப்பற்றிச் சிறிது அறிந்திருத்தல் கடமை என்று கருதுகின்றேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். இந்நிலையை நம்மூரில் "நரம்பு புடைத்துவிட்டது", "நரம்பு சுருண்டுவிட்டது" என்பர். நரம்பு என்பது பழந்தமிழ்ச் சொல். யாழின் தந்திக்கும் அதுவே பெயர். உடலில் நூல்போல ஓடுவன எல்லாவற்றையும் நம் முன்னோர் அச்சொல்லாலேயே குறித்தனர். இன்றைய உடலியலிலோ நரம்பு என்பது மூளைக்கும் உறுப்புகளுக்கும் இடையே செய்தி கொண்டு செல்வது. காலில் நீலமாய்த் தெரிவது அதுவன்று. அது குருதிக் குழாய். இதயத்திலிருந்து குருதியை வெளியே கொண்டு செல்லுங் குழாயை நம் பாடநூல்கள் நாடி என்கின்றன. அது துடிக்கும், அதனாலன்றோ வைத்தியர் கையைப் பிடித்து நாடி பார்க்கின்றார்! குருதியை மீண்டும் இதயத்துக்குக் கொண்டுவருங் குழாய் நாளம். நாளம் என்றால் உள்ளே துளையுடைய தண்டு என்று பொருள். அது துடிப்பதில்லை. இவ்விரண்டையும் தமிழகத்தார் தமனி, சிரை என்பர்.

சொல்லைப்பற்றி இத்தனை பேசுவானேன் என்று கேட்கலாம். சொல் வழுவினால் மருந்தும் வழுவும். நரம்பு என்று எண்ணியவர் நரம்புத் தளர்ச்சிக்குரிய குளிசைகளை வாங்கி விழுங்குகின்றார்; நரம்பை இளக்கவென்று எண்ணெய் இட்டு அழுத்தித் தேய்க்கின்றார். நோயோ நாளத்தில் இருக்கின்றது. மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த பெருமை நமது குடாநாட்டுக்கு உண்டு. 1847ஆம் ஆண்டில் இங்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு நம் இளைஞர்க்குத் தமிழிலே மருத்துவம் பயிற்றினார். உடற்கூற்று நூல்களையும் சத்திரசிகிச்சை நூலையும் தமிழில் ஆக்கித் தந்தார். அத்தகைய மண்ணிலே உடலின் உறுப்பை அதற்குரிய பெயரால் வழங்குவது நமக்கு அரிதன்று.

இனி, நாளத்தின் தொழிலைக் காண்போம். இதயத்திலிருந்து குருதி கீழ்நோக்கிக் காலுக்கு இறங்குவது எளிது. கால்விரலிலிருந்து அது மீண்டும் மேலேறி நெஞ்சை அடைய வேண்டும், அதுவே அருஞ்செயல். நீரை மேலேற்றுவதன் வருத்தத்தை யாழ்ப்பாணத்தவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு நமக்கு இல்லை. மாரியில் ஓடும் வழுக்கையாறு ஒன்றே உண்டு. நிலத்தடிச் சுண்ணாம்புப் பாறையில் தங்கிய நீரைத் துலா மிதித்தும் பட்டையால் முகந்தும், பின்னர் இயந்திரம் பூட்டியும் இறைத்தன்றோ நம் முன்னோர் புகையிலையும் வெங்காயமும் விளைவித்தனர்!

கிணற்றில் நீர் இறைக்கும் இயந்திரத்தின் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயின் அடியிலே ஒரு வால்வு பொருத்தப்பட்டிருக்கும். அது நீரை மேலே விடும், கீழே விடாது. அந்த வால்வு பழுதானால் ஏறிய நீர் கிணற்றுக்கே இறங்கிவிடும். இயந்திரம் வீணே ஓடும். நம் கால் நாளங்களிலும் இத்தகைய வால்வுகள் படிப்படியாக அமைந்துள்ளன. மெல்லிய சவ்வினாலான சிறு கதவுகள் அவை. இறைக்கும் இயந்திரமோ நமது கெண்டைக்கால் தசை. நாம் அடியெடுத்து வைக்குந்தோறும் அத்தசை சுருங்கி, தன்னிடையே உள்ள ஆழ்நாளங்களை நெரித்துக் குருதியை மேலே தள்ளுகின்றது. தசை தளரும்போது, தள்ளிய குருதி திரும்பி விழாமல் வால்வுகள் மூடிக்கொள்கின்றன. கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்று வைத்தியர் சொல்வது இதனாலேதான்.

அசையாது நிற்கும் ஒருவரின் பாதத்து நாளத்தில் குருதியின் அழுத்தம் ஏறக்குறைய 90 மில்லிமீற்றர் இரசம் இருக்கும். அவரே நடக்கத் தொடங்கினால், வால்வுகள் நல்லனவாயின், அது 30 அளவுக்கு இறங்கிவிடும். நிற்றலுக்கும் நடத்தலுக்கும் உள்ள வேற்றுமை இவ்வளவு பெரிது.

வால்வுகள் உண்மையில் உள்ளனவா என்று ஐயுறுவோர் தம் கையிலேயே பரிசோதிக்கலாம். கையைத் தொங்கவிட்டால் முன்கையில் நாளங்கள் எழும். அவற்றுள் நேரான ஒன்றை மணிக்கட்டின் பக்கம் ஒரு விரலால் அழுத்துங்கள். மற்றொரு விரலால் அங்கிருந்து முழங்கையை நோக்கி நாளத்தை வழித்துவிட்டு, அவ்விரலை எடுத்துவிடுங்கள். வழித்த பகுதி ஒரு வால்வு இருக்கும் இடம் வரையில் வெறுமையாகவே கிடக்கும். மேலேயுள்ள குருதி கீழே இறங்காது. முதல் விரலை எடுத்தவுடன் கீழிருந்து நிரம்பும். இத்தாலியில் பாதுவா நகரத்து ஆசிரியர் பப்ரீசியசு 1603இல் இவ்வால்வுகளைப்பற்றி நூல் எழுதினார். அவருடைய மாணவர் ஆங்கிலேயராகிய வில்லியம் ஆர்வி, 1628இல் வெளியிட்ட நூலிலே இச்சோதனையைப் படத்துடன் காட்டிக் குருதி உடலைச் சுற்றி வருகின்றது என்பதை நிறுவினார்.

வால்வு தளர்ந்தால் நேர்வது யாது? மேலே செல்லவேண்டிய குருதி கீழே தேங்கும், அழுத்தம் மிகும், நாளத்தின் சுவர் விரிந்து நீண்டு வளையும். தோலின் மேற்பரப்பில் ஒரு மில்லிமீற்றருக்குக் குறைந்த பருமனில் விரிந்த நுண்குழாய்களே சிலந்தி நாளங்கள். ஒன்று முதல் மூன்று மில்லிமீற்றர் வரை உள்ளவை வலைபோன்ற நீல நாளங்கள். மூன்று மில்லிமீற்றருக்கு மேற்பட்டு, நின்றால் கயிறுபோல் முறுகித் தோலுக்கு மேலே புடைப்பவற்றை நாளப் புடைப்பு என்பர்.

இவற்றை வரிசைப்படுத்த 1994இல் பன்னாட்டு வைத்திய அறிஞர் கூடி ஒரு முறை வகுத்தனர். பாடசாலை வகுப்புகளைப்போல அதில் ஏழு படிகள் உள. சுழியம் என்பது நோயின் குறி எதுவும் இல்லாத நிலை. சிலந்தி நாளம் முதற்படி. நாளப் புடைப்பு இரண்டாம் படி. கால் வீங்குதல் மூன்றாம் படி. கணுக்காலின் மேலே தோல் நிறமும் தன்மையும் மாறுதல் நான்காம் படி. ஆறிய புண் ஐந்தாம் படி. ஆறாத புண் ஆறாம் படி. முதற்படியில் நிற்போர் எல்லாரும் ஆறாம் படிக்குப் போவதில்லை என்பதை மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். சிலந்தி நாளம் உடையோருட் பெரும்பாலோர் வாழ்நாள் முழுதும் முதற்படியிலேயே இருப்பர். அவர்க்கு அது தோலின் கோலமேயன்றி நோயன்று.

இவை ஏன் வருகின்றன? முதற்காரணம் பிறப்பு வழி. தாய்க்கும் தந்தைக்கும் இருந்தால் மக்களுக்கும் வரக்கூடும். அடுத்தது வயது. பெண்களுக்கு மிகுதியாக வருவதற்கு அவர்தம் உடலில் ஊறும் ஓமோன்களும் மகப்பேறும் காரணமாகும். கர்ப்ப காலத்தில் குருதியின் அளவு கூடும்; கருப்பை வளர்ந்து இடுப்பிலுள்ள நாளங்களை அழுத்தும். அப்போது தோன்றும் புடைப்பு, பிள்ளை பிறந்து சில மாதங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். மிகுந்த உடற்பருமன், நெடுநேரம் அசையாது நிற்றல் அல்லது இருத்தல், முன்னொருகால் ஆழ்நாளத்திற் குருதி உறைந்திருத்தல் என்பனவும் காரணங்களாம். கால்மேல் கால் போட்டு இருப்பதால் வரும் என்பதற்கும், குளிர்நீரில் நின்றதால் வரும் என்பதற்கும் தக்க சான்று இல்லை.

முகத்திலும் சிலந்திக்கோடுகள் தோன்றுவதுண்டு. வெயில் அதற்கு ஒரு காரணம். ஆனால், முகம், கழுத்து, மார்பின் மேற்பகுதி ஆகிய இடங்களில் நடுவே ஒரு சிவந்த புள்ளியும் சுற்றிலும் சிறு கால்களுமாகப் பல சிலந்திகள் புதிதாகத் தோன்றினால், அது வேறு செய்தி கூறுவதாக இருக்கலாம். நடுப்புள்ளியை அழுத்தினால் கால்கள் மறையும். விட்டால் மீண்டும் நடுவிலிருந்து நிரம்பும். கர்ப்பிணிகளிடத்தும் இது தோன்றி மறையும். மது அருந்தும் பழக்கமுடையோரிடத்திலோ ஈரல் நோயுற்றோரிடத்திலோ பல தோன்றுமாயின், ஈரலைச் சோதித்துப் பார்த்தல் வேண்டும். இதற்குக் களிம்பு தேடுதல் பயனற்றது.

நம்மவர் கவனிக்க வேண்டிய மற்றொன்று உண்டு. மேலைநாட்டு நூல்களிலுள்ள படங்கள் வெண்ணிறத் தோலைக் காட்டுவன. நமது கருநிறத் தோலிலோ மெல்லிய சிவப்புக் கோடுகள் எளிதில் தெரிவதில்லை. நமக்கு முதலில் கண்ணிற்படுவது பெரும்பாலும் நான்காம் படியே. கணுக்காலின் உட்புறத்துக்குச் சற்று மேலே தோல் கறுக்கும், வறளும், அரிக்கும், நாளடைவில் தடித்து மினுமினுக்கும். குருதியின் சிவப்பணுக்கள் நுண்குழாயை விட்டுக் கசிந்து சிதைவதனால் அவற்றின் இரும்புச்சத்து தோலிலே படிந்து உண்டாகும் கறை அது. அதனை அழுக்கென்று பீர்க்கங்கூட்டால் தேய்ப்போரும், சொறியென்று களிம்பு பூசுவோரும் நம்மிடையே உளர். அந்தக் கறை ஓர் அறிவிப்பு. அதனை வாசிக்கத் தெரிந்தவர் புண்ணைத் தவிர்க்கலாம்.

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரை நான் அறிவேன். கணுக்காலின் உட்புறத்தில் அவருக்கு நாணயத்தளவு புண் ஒன்று தோன்றியது. சலரோகப் புண்ணாக இருக்கும் என்றார் அயலவர். குருதியைச் சோதித்தால் சீனி இல்லை. பச்சிலை வைத்தார், களிம்பு மாற்றி மாற்றிப் பூசினார். நான்கு ஆண்டு கழிந்தது. புண் உள்ளங்கை அளவாயிற்று. கசிவினால் வரும் மணத்துக்கு நாணிக் கோயிலுக்குச் செல்வதை நிறுத்தினார். திருமண வீடுகளுக்கும் போவதில்லை. இறுதியில் மகளின் வற்புறுத்தலால் சத்திரசிகிச்சை வைத்தியரிடம் சென்றார். புண்ணில் இட்ட மருந்தைவிட, காலைச் சுற்றிக் கட்டிய அழுத்தக் கட்டே அதனை ஆற்றியது. பின்னர் பழுதான நாளத்துக்கும் சிகிச்சை நடந்தது. சில திங்களிற் புண் ஆறியது. நான்கு ஆண்டுகளை அவர் இழந்தது நோயினால் மட்டுமன்று, மறைத்தமையாலும் ஆகும்.

இப்பொழுது சிகிச்சைக்கு வருவோம். சிலந்தி நாளத்துக்குச் சிகிச்சை கட்டாயமன்று. தோற்றத்துக்காக நீக்க விரும்புவோர்க்கு ஊசி முறை உண்டு. மிக நுண்ணிய ஊசியினால் பொலிடோக்கனோல் போன்ற மருந்தை நாளத்துள் செலுத்துவர். அதன் உட்சுவர் புண்பட்டு ஒட்டிக்கொள்ளும். உடல் அதனைச் சிறிது சிறிதாகக் கரைத்துவிடும். கருநிறத் தோலில் இதன்பின் பழுப்புக் கறை சில மாதம் நிற்கக்கூடும். கர்ப்பிணிகளுக்கு இது செய்யப்படுவதில்லை. லேசர் ஒளியாலும் நீக்குவர். ஆனால் நமது தோலிலுள்ள கருநிறப் பொருளும் அவ்வொளியை ஈர்க்குமாதலால், பழகிய கையன்றேல் தோல் சுடுபடும். எம்முறையில் நீக்கினாலும் காலப்போக்கில் புதியன தோன்றலாம் என்பதையும் அறிந்தே முற்படல் வேண்டும். பூசி அழிக்கலாம் என்று விளம்பரஞ் செய்யப்படும் களிம்புகள் நாளத்தை அழிப்பதில்லை.

நாளப் புடைப்புக்குச் சத்திரசிகிச்சை செய்தல் பழையது. உரோமப் படைத்தலைவன் மாரியசு தன்னைக் கட்டிப்போடாமலே ஒரு காலைக் கத்திக்குக் கொடுத்து அசையாது பொறுத்தான் என்றும், மற்றக் காலைக் காட்ட மறுத்து, அடையும் நலம் படும் வேதனைக்கு ஈடாகாது என்றான் என்றும் புளூட்டாக்கு எழுதியிருக்கின்றார். இன்று அவ்வேதனை இல்லை. முதலில் ஒலியலைக் கருவியினால் எந்த வால்வு பழுது என்று காண்பர். பின்னர் அந்நாளத்தைக் கட்டி அகற்றுவர். அல்லது மெல்லிய குழாயை அதனுள்ளே செலுத்தி லேசராலோ வானொலி அலை வெப்பத்தாலோ மூடுவர். இப்பிந்திய முறைகள் இந்நூற்றாண்டிற் பரவியவை. பலர் அன்றைக்கே வீடு திரும்புகின்றனர்.

நாளத்தை அகற்றினால் குருதி எவ்வழியே செல்லும் என்று அஞ்சுவோர் உளர். காலின் குருதியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஆழ்நாளங்கள் வழியே செல்கின்றது. பழுதான மேல்நாளத்தை இழப்பதால் கேடில்லை. இதயத்தின் அடைப்பைக் கடக்க மாற்றுவழி அமைக்கும் வைத்தியர், அதற்கெனக் காலின் நல்ல நாளத்தையே எடுத்துக்கொள்கின்றனர். 1967 முதல் இது நடந்துவருகின்றது.

புண்ணுக்கு அழுத்தக் கட்டே அடிப்படை. அதனுடன் பழுதான நாளத்தையும் காலந்தாழ்த்தாது மூடினால் நன்மை உண்டா என்று பிரித்தானியாவில் 450 நோயாளரிடம் ஆராய்ந்து 2018இல் முடிவு வெளியிட்டனர். தாழ்த்தியவர்க்குப் புண் ஆற நடுத்தரமாக 82 நாள் சென்றது. தாழ்த்தாதவர்க்கு 56 நாளே சென்றது. முன்னே காட்டுவதன் பயன் இவ்வெண்களில் விளங்கும்.

ஓர் எச்சரிக்கை. அழுத்தக் காலுறையையோ இறுக்கமான கட்டையோ தாமாக அணிதல் தகாது. சலரோகம் உடையோர்க்கும் புகைபிடிப்போர்க்கும் நாடிகள் ஒடுங்கியிருக்கலாம். அவர்தம் காலை இறுக்கினால் குருதி இறங்காது கால் அழியும். காலின் நாடியோட்டத்தை வைத்தியர் பார்த்த பின்னரே அணிதல் வேண்டும். அணிவோர் காலையில் எழுந்தவுடன், கால் வீங்குமுன் அணிந்து, இரவிற் கழற்றுவர். நம் நாட்டு வெப்பத்தில் அது துன்பந்தருவது உண்மையே. ஆயினும் நிற்கும் நேரத்திலேனும் அணிதல் பயன் தரும்.

உயிரைக் காக்கும் செய்தி இரண்டு. புடைத்த நாளம் சிறு அடியினால், சிலவேளை அடியின்றியுங்கூட, வெடித்துக் குருதி பீறிடலாம். அவ்வேளையில் நிற்கவோ நடக்கவோ கூடாது. கதிரையில் இருக்கவும் கூடாது. உடனே தரையிற் படுத்துக் காலை நெஞ்சினும் உயர்த்தி, தூய துணியால் அவ்விடத்தைப் பத்துப் பதினைந்து நிமிடம் விடாது அழுத்த வேண்டும். தொடையிற் கயிறு கட்டலாகாது. குருதி நின்ற பின்பும் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். மற்றது, ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி கெண்டைக்கால் வலித்தால், ஆழ்நாளத்திற் குருதி உறைந்திருக்கலாம். அதனைத் தேய்த்தல் பெருந்தீது. உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்கும். மூச்சுத் திணறலும் சேருமாயின் ஒரு கணமும் தாமதித்தல் கூடாது.

நாள்தோறும் செய்யத்தக்கன எளியன. ஓரிடத்தில் நிற்க நேர்ந்தால் குதிக்காலை உயர்த்தித் தாழ்த்துங்கள். உடற்பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுங்கள். ஆசிரியர் வகுப்பறையில் உலாவிக் கற்பிக்கலாம், மாணவரும் உறங்கார்! நல்லூரில் இருபத்தைந்து நாள் திருவிழாவிலே நெடுநேரம் நிற்கும் அடியார் இதனை நினைவிற் கொள்க. கணுக்கால் கறுத்தவர்கள் வெறுங்காலுடன் நடக்கையில் சிறு காயமும் படாது காத்தல் வேண்டும். அவர்க்குச் சிறு காயமே பெரும் புண்ணாகும். மாலையில் பாயிலே படுத்து, கால்களைத் தலையணைமேல் வைத்து நெஞ்சினும் உயர்த்திப் பதினைந்து நிமிடம் இளைப்பாறுங்கள். நாளும் நடவுங்கள். தோல் வறளாதபடி சிறிது தேங்காயெண்ணெய் மெல்லப் பூசுதல் நன்று.

கோடுகள் மட்டும் இருந்தால் அமைதியாக இருங்கள். நாளம் புடைத்தாலோ, மாலைதோறும் கால் வீங்கினாலோ, கணுக்கால் கறுத்து அரித்தாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். இரு கிழமையில் ஆறாத புண்ணை ஒருபோதும் மறைக்காதீர்கள். யாழ்ப்பாணத்திலும், தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி முதலிய இடங்களிலும் அரச வைத்தியசாலைகள் உள; அங்கே காட்டுவதற்குக் கட்டணமும் இல்லை. வீட்டிலே தாயாரோ பாட்டியாரோ இருப்பின், அவர்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள். மக்களும் பேரரும் இன்று மாலை அவர்கள் அருகில் அமர்ந்து, "அம்மா, உங்கள் காலை ஒருமுறை பார்க்கட்டுமா?" என்று கேளுங்கள்.